‘ஸலாம்’ சிதறிய கதை: அரபும் தமிழும் சேர்ந்த நூலை ரைட்டரில் அமைத்த அனுபவம்

மதுரை தெற்குவாசல் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பில் புக், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், இவைதான் அன்றாட வேலை. அரபு எழுத்து என்றால் நிக்காஹ் பத்திரிகையின் உச்சியில் வரும் பிஸ்மில்லாஹ் மட்டும்தான். அதையும் படமாகவே வைத்திருப்போம். எடுத்து ஒட்டினால் முடிந்தது.

போன ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னால் மகபூப்பாளையத்திலிருந்து ஒரு ஹஜ்ரத் வந்தார். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர். பையிலிருந்து ஒரு பழைய துஆ (பிரார்த்தனை) புத்தகத்தை எடுத்து வைத்தார். டெமி 1/8 அளவு, 64 பக்கம், நான்கு ஃபாரம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே அரபில் துஆ, அதற்குக் கீழே தமிழ் உச்சரிப்பு, அதற்கும் கீழே பொருள். அரபு முழுவதும் கையால் எழுதி ஒட்டி அச்சடித்தது. ஆண்டுக்கு ஆண்டு நகல் எடுத்து எடுத்து, எழுத்தின் மேலும் (ஸபர்) கீழும் (ஸேர்) வரும் உயிரொலிக் குறிகள் பாதி அழிந்துவிட்டன.

“ஸபர் எது, ஸேர் எதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியமாட்டேங்குது தம்பி. அது மாறினா அர்த்தமே மாறிடும். ஒட்டுற வேலை வேணாம். எழுத்தாவே அடிச்சுக் குடுங்க, அடுத்த வருஷம் நான் திருத்தணும்னாலும் திருத்துற மாதிரி.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். கடையில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருள் இருந்தது. தமிழ் மேட்டர் பழைய கோப்பில் பாமினி எழுத்துருவில் இருந்தது. அரபு மேட்டரை ஹஜ்ரத்தின் மகன் யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரத்தில், திரட்டித் தந்தார். குர்ஆன் வசனங்களை மட்டும் யாரும் தட்டச்சு செய்யக் கூடாது என்று ஹஜ்ரத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவற்றைத் தன்ஸில் திட்டத்தின் உரையிலிருந்து எடுத்தோம். யூனிகோடில் பிழையில்லாத குர்ஆன் உரையைத் தருவதற்கென்றே 2007-இல் தொடங்கிய திட்டம் அது. எடுத்த பிறகும் ஹஜ்ரத் தன் முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார்.

முதல் நாள் மாலை பன்னிரண்டு பக்கம் முடித்தேன். அரபு வரிகளை ஒட்டினேன், வலப்பக்கம் ஒதுக்கும் பொத்தானை அழுத்தினேன். எழுத்துகள் தாமாகவே சேர்ந்து, வலமிருந்து இடமாக ஓடி, பார்க்க அழகாகவே இருந்தன. ப்ரூஃப் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சிவப்புப் பேனாவோடு வந்தது. ஏறக்குறைய எல்லா துஆவிலும் ஒரே இடத்தில் வட்டம். “முற்றுப்புள்ளி எங்கே நிக்குது பாருங்க. பிள்ளைக வலப்பக்கம் இருந்துதான ஆரம்பிப்பாங்க? ஆரம்பிக்கிற இடத்துல புள்ளி நிக்குது.”

முற்றுப்புள்ளியை அழித்துவிட்டு, அது நிற்க வேண்டிய இடமாகக் கண்ணுக்குத் தெரிந்த இடதுகோடியில் கர்சரை வைத்து அடித்துச் சரிசெய்தேன். திரையில் சரியாகத் தெரிந்தது. அப்புறம் அரபு எழுத்தைப் பெரிதாக்கியபோது ஒரு வரி துஆ இரண்டு வரியாக மடிந்தது. புள்ளி முதல் வரியின் இடதுகோடியிலேயே நின்றுவிட்டது, அதாவது வாக்கியத்தின் நடுவில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோப்புக்குள் நான் அந்தப் புள்ளியை துஆவின் முதல் எழுத்துக்கும் முன்னால் வைத்திருக்கிறேன்.

இந்த வேலை முழுவதற்கும் அடிப்படை இதுதான். கோப்புக்குள் இடமும் கிடையாது, வலமும் கிடையாது. முதலில் ஓதுவது முதலில், அடுத்து ஓதுவது அடுத்து, அவ்வளவுதான் வரிசை. அந்த வரிசையைத் திரையில் எந்தப் பக்கமிருந்து அடுக்குவது என்பதை ஒரு விதிப்படி மென்பொருள் முடிவு செய்கிறது. அந்த விதி யூனிகோட் தரத்தின் 9-ஆவது இணைப்பாக இருக்கிறது. அதன்படி தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ‘நான் இடமிருந்து வலம்’ என்ற குணம் உண்டு. அரபு எழுத்துக்கு ‘வலமிருந்து இடம்’ என்ற குணம். முற்றுப்புள்ளி, இடைவெளி, அடைப்புக்குறி போன்றவற்றுக்குச் சொந்தமாகத் திசை இல்லை. இரண்டு பக்கமும் ஒரே திசை எழுத்து இருந்தால் அந்தத் திசையில் சேர்ந்துகொள்ளும். ஓரத்தில் தனியாக நின்றால் பத்தியின் திசை எதுவோ அதைப் பார்க்கும். என் பத்திகள் எல்லாம் இடமிருந்து வலம். அதனால்தான் கடைசியில் தனியாக நின்ற புள்ளி வலப்பக்கம் போனது.

வலப்பக்கம் ஒதுக்குவது வேறு, பத்தியின் திசையை மாற்றுவது வேறு. முன்னது வரி எந்த ஓரத்தை ஒட்டி நிற்கும் என்பதை மட்டும் சொல்கிறது. பின்னதுதான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்கிறது. ரைட்டரில் பத்தியில் கர்சரை வைத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினால் பத்தி வலமிருந்து இடமாகிவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தினால் திரும்ப நம் திசை. ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதைப் போட்டிருந்தால் திசை மாற்றும் பொத்தான்களும் மேலே தெரியும். நான் அடித்து வைத்த புள்ளிகளை எல்லாம் அழித்து, துஆவின் கடைசி எழுத்துக்குப் பிறகு மறுபடியும் அடித்து, திசையை மாற்றினேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புள்ளி அதனிடத்தில் நின்றது.

அடுத்து நான் செய்த தவறு பெரியது. பத்தி பத்தியாக மாற்றச் சோம்பல்பட்டு, கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரேயடியாக வலமிருந்து இடம் ஆக்கினேன்.

தமிழ் குலைந்துபோனது. ‘ஸலாம்’ என்று தனியாக நின்ற ஒரு தலைப்பு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. நடுவில் ‘லாம’. அதற்கு இடப்பக்கம், எந்த எழுத்தின் மேலும் உட்காராமல், ஒற்றைப் புள்ளி. வலப்பக்கக் கோடியில் ஒரு ‘ஜ’. நான் ‘ஜ’ அடிக்கவே இல்லை. வைரஸ் வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

காரணம் பாமினியில் இருந்தது. பாமினி, யூனிகோட் பரவுவதற்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குத் தெரிவது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் திறப்பது ‘ஜ’, மூடுவது ‘ஸ’. அப்படியானால் என்னுடைய ‘ஸலாம்’ கணினியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மூடும் சதுர அடைப்பு, மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துக்குத் திசை உண்டு, அவை நடுவில் நம் திசையிலேயே நின்றன. அடைப்புக்கும் அரைப்புள்ளிக்கும் சொந்தத் திசை இல்லை. பத்தி வலமிருந்து இடம் என்றதும் தொடக்கத்தில் இருந்த அடைப்பு வலக்கோடிக்கும், கடைசி அரைப்புள்ளி இடக்கோடிக்கும் போய்விட்டன. அதோடு, வலமிருந்து இடமாக ஓடும்போது அடைப்புக்குறிகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. மூடும் அடைப்பு திறக்கும் அடைப்பாகத் திரும்பியது. பாமினியில் அந்த வடிவம்தான் ‘ஜ’.

கணினி தன் விதிப்படி சரியாகத்தான் செய்தது. நான் கொடுத்தது தமிழே இல்லை. இருபது ஆண்டாகத் தமிழ் அடிக்கிறேன். பாமினியில் வைத்திருப்பது தமிழின் படம்தான் என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. யூனிகோடில் மெய்ப்புள்ளிக்கு இந்தக் கதி வரவே வராது. அது முந்தைய எழுத்தோடு ஒட்டியது என்றும், அந்த எழுத்தின் திசையையே அதுவும் எடுத்துக்கொள்ளும் என்றும் தரத்திலேயே எழுதியிருக்கிறது.

அன்று இரவே தமிழ் மேட்டர் முழுவதையும் என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினேன். நடுநடுவே உண்மையிலேயே ஆங்கிலமாக இருந்த சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும், அவற்றைக் கையால் பார்த்துத் திருத்த வேண்டும். எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு திசை எழுத்து கலக்கும் எந்த வேலைக்கும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். இல்லையென்றால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

அப்புறம் எழுத்துரு. இதில் தமிழும் அரபும் சேரும்போது மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலமும் அரபும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இது வராது. ரைட்டரில் எழுத்துரு, அளவு, திசை எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேர்த்து வைப்பதை ஸ்டைல் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் மூன்று எழுத்துரு இடங்கள்: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீனம் ஜப்பான் போன்ற கிழக்காசிய எழுத்துக்கு ஒன்று, காம்ப்ளெக்ஸ் என்ற வகைக்கு ஒன்று. ஆங்கிலமும் அரபும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துருவை ஒரே ஸ்டைலில் வைத்துவிடலாம். ஆனால் தமிழும் காம்ப்ளெக்ஸ், அரபும் காம்ப்ளெக்ஸ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இடம்தான். தமிழுக்கென்று ஓர் எழுத்துருவும் 12 பாயிண்ட் அளவும் வைத்தால் அரபுக்கும் அதுவே. அந்த எழுத்துருவில் அரபு இல்லாததால் கணினி தன் இஷ்டத்துக்கு வேறொன்றை எடுத்துப் போடும். என் கணினியில் எடுத்ததோ குறிகள் எல்லாம் பொடியாகத் தெரியும் ஒன்று. ஹஜ்ரத் எதற்காக இந்த வேலையைக் கொடுத்தாரோ அதுவே கெட்டுவிடும்.

வழி, அரபுக்குத் தனி ஸ்டைல்கள். ‘துஆ’ என்று ஒரு பத்தி ஸ்டைல்: திசை வலமிருந்து இடம், காம்ப்ளெக்ஸ் எழுத்துரு அமீரி, அளவு 22, மொழி அரபு. தமிழ்ப் பத்திக்கு நடுவில் ஓரிரு அரபுச் சொல் வரும் இடத்துக்கு ‘அரபுச் சொல்’ என்று ஓர் எழுத்து ஸ்டைல்: அதே அமீரி, அளவு 16. தமிழ் 12 பாயிண்டில் இருக்கும்போது அரபும் 12 என்றால் கண்ணுக்குச் சிறுத்துத் தெரிகிறது, அதனால்தான் 16. இரண்டு ஸ்டைலையும் செய்து முடித்தபின் வேலை ஓட ஆரம்பித்தது. ஹஜ்ரத் அளவு போதாது என்றால் ஓர் இடத்தில் மாற்றினால் 64 பக்கமும் மாறியது.

வரி இடைவெளியை மட்டும் கவனியுங்கள். பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று நான் ‘ஃபிக்ஸ்டு’ போட்டிருந்தேன். மேலே நிற்கும் ஷத்தும் (எழுத்தை இரட்டிக்கும் குறி) அதன்மேல் ஸபரும் தலை வெட்டப்பட்டு நின்றன. ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றினால் உயரமான குறிக்கு வரி தானாக இடம் விடும். இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபையும் துஆக்களுக்கு வேண்டாம். வரியை நிரப்புவதற்காக அரபு எழுத்துகளுக்கு இடையே கோட்டை இழுத்து நீட்டிவிடுகிறது. அது அரபு எழுத்துக்கலையில் உள்ள வழக்கம்தான், கஷீதா என்பார்கள். ஆனால் எழுத்துக்கூட்டி ஓதும் பிள்ளைக்கு, நீண்ட கோட்டைப் பார்த்தால் நீட்டி ஓத வேண்டுமோ என்று தோன்றிவிடும். ஹஜ்ரத் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

எண்கள்தான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தன. பொருள் பகுதியில், தமிழ்ப் பத்திக்குள், வசனத்தின் தொடக்கச் சொற்கள் அரபில் வரும், அதையடுத்து அத்தியாய எண்ணும் வசன எண்ணும் வரும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான பகராவின் கடைசி இரண்டு வசனங்களுக்கு 2:285-286 என்று அடித்தேன். திரையில் 286-2:285 என்று வந்தது. அதுவும் அரபுச் சொல்லுக்கு வலப்பக்கம் வராமல் இடப்பக்கம், தமிழுக்கும் அரபுக்கும் நடுவில் புகுந்துகொண்டு. அழித்து அழித்து அடித்தேன். அதே கதைதான்.

விதியைப் படித்தபின் விளங்கியது. எண்ணுக்குத் தனக்கு முன்னால் எந்த எழுத்து வந்தது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் உண்டு. முன்னால் வந்தது அரபு எழுத்து என்றால், 1, 2, 3 என்று அடித்திருந்தாலும் அது அரபு எண்ணாகக் கணக்கு வைக்கப்பட்டு அரபு ஓட்டத்தோடு சேர்க்கப்படும். இரண்டு அரபு எண்களுக்கு நடுவே முக்காற்புள்ளி இருந்தால் உடைக்காமல் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளும், அதனால் 2:285 அப்படியே நின்றது. நடுவே சிறுகோடு இருந்தால் இரண்டு தனி எண்கள். அரபு ஓட்டத்தில் முதல் எண் வலப்பக்கம், அடுத்தது அதற்கு இடப்பக்கம். அரபு படிக்கிறவருக்கு அது சரியான வரிசை. தமிழ்ப் பத்தியில் படிக்கும் பிள்ளைக்குத் தலைகீழ்.

இதற்கு மருந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. இன்செர்ட் பட்டியலில் ஃபார்மேட்டிங் மார்க் என்பதற்குள் ‘லெஃப்ட் டு ரைட் மார்க்’ என்று இருக்கும். அகலம் கிடையாது, வடிவம் கிடையாது. ‘இடமிருந்து வலம் போகும் ஓர் எழுத்து இங்கே இருக்கிறது’ என்று கணினிக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அரபுச் சொல் முடிந்து இடைவெளி விட்டபின், எண்ணைத் தொடங்கும் முன் அதை வைத்தேன். எண் திரும்பிப் பார்த்தபோது கடைசியாகக் கண்டது அரபை அல்ல, இந்த மார்க்கைத்தான். 2:285-286 வலப்பக்கம் வந்து ஒழுங்காக நின்றது. அடிக்கடி தேவைப்பட்டால், இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், அதோடு ஆங்கில ஈ அடித்து ஆல்ட், எக்ஸ் அழுத்தினால் அது மார்க்காக மாறிவிடும். முன்னால் உள்ள எண்ணோடு ஒட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே மார்க் இன்னொரு இடத்திலும் உதவியது. கடைசிப் பக்கத்தில் எழுத்துகளைச் சொல்லித் தரும் ஒரு தமிழ் வரி: அலிஃப், பே, தே மூன்றையும் அரபில் காற்புள்ளி இட்டு வரிசையாக அடித்து, ‘இவற்றை இதே வரிசையில் ஓதவும்’ என்று தமிழில் முடியும். மூன்றுமே அரபு என்பதால் நடுவில் உள்ள காற்புள்ளிகளும் அரபோடு சேர்ந்து, அலிஃப் வலக்கோடியில் நின்றது. நான் ஒவ்வொரு காற்புள்ளிக்குப் பின்னும் மார்க் வைத்து அலிஃபை இடப்பக்கம் கொண்டுவந்தேன். ஹஜ்ரத் பார்த்துவிட்டு, இங்கே மட்டும் வேண்டாம் என்றார். “அரபு எழுத்தை வரிசையாப் பார்த்தா பிள்ளை கை தானா வலப்பக்கம் இருந்துதான் தொடங்கும்.” மார்க்கை எடுத்துவிட்டேன். எது சரி என்பதை விதி மட்டும் சொல்லிவிடாது, படிக்கிற கையும் கண்ணும் எது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வரிசை எண்ணுக்குப் பின் வரும் ஒற்றை அடைப்புக்குறியிலும் ஏமாந்தேன். துஆ பத்தியில் அது எண்ணுக்கு இடப்பக்கம், திறக்கும் அடைப்புபோல் வளைந்து தெரிந்தது. தவறு என்று நினைத்து எல்லாவற்றையும் திருப்பி அடித்தேன். அரபு படிப்பவருக்கு முன்பு இருந்ததுதான் சரி. கோப்புக்குள் அடைப்புக்குறிக்குத் திறப்பு, மூடல் என்ற பொருள்தான். எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதைத் திசை முடிவு செய்யும். பத்தியின் திசை சரியாக இருந்தால் அடைப்பைத் தொடாதீர்கள்.

ஓர் அட்டவணை இருந்தது. டேபிள் பிராப்பர்ட்டீஸில் திசையை மாற்றினால் முதல் நெடுவரிசை வலப்பக்கம் வந்துவிடுகிறது, சிரமமில்லை. நூலை எந்தப் பக்கம் தைப்பது என்பதில் ஹஜ்ரத் இரண்டு நாள் யோசித்தார். தமிழ்தான் அதிகம் என்பதால் தமிழ்ப் புத்தகம் போலவே இடப்பக்கம் தைக்கலாம் என்று முடிவானது.

அச்சகத்துக்கு பிடிஎஃப் கொடுத்தேன். அங்கே ஒரு தம்பி ஏதோ திருத்த வேண்டும் என்று அதை வேறொரு மென்பொருளில் திறந்து, அதிலிருந்து பிளேட்டுக்கு அனுப்பப் பார்த்தார். சேர்ந்திருந்த அரபு எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தனித்தனியாக நின்றன. நல்லவேளை, பிளேட் போடும் முன் ப்ரூஃபைப் பார்க்கப் போயிருந்தேன். திருத்தம் எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள், நான் மூலக் கோப்பில் திருத்தி மறுபடி பிடிஎஃப் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அரபு இருக்கும் பிடிஎஃபை அச்சகத்தில் யாரும் திறந்து தொடக்கூடாது என்று எழுதியே கொடுப்பது நல்லது.

கடைசியாக அட்டை. பின்னட்டையில் மக்தபின் (ஓதிக் கொடுக்கும் பள்ளியின்) பெயர் அரபில், அதையடுத்து ஹஜ்ரத்தின் கைபேசி எண், ஒரே வரியில். வழக்கம்போல் ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டிருந்தேன். ப்ரூஃபை ஹஜ்ரத்தும் பார்த்தார், நானும் பார்த்தேன். எண்கள் எல்லாம் இருந்தன. கடையை மூடப்போகும் நேரத்தில்தான் பொறி தட்டியது. அரபுக்குப் பின் வரும் எண், நடுவில் இடைவெளி. கோப்பைத் திறந்து பார்த்தால் பின் ஐந்து முன்னாலும் முன் ஐந்து பின்னாலும் நின்றன. ஆயிரம் பிரதியிலும் யாரோ ஒருவரின் எண் அச்சாகியிருக்கும். எண்ணுக்கு முன்னால் மார்க் வைத்து, புதிய ப்ரூஃப் எடுத்தேன்.

மறுநாள் காலை ஹஜ்ரத் வந்ததும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அச்சில் இருந்தபடியே இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து என் போனில் அடித்தேன். அவர் ஜிப்பா பைக்குள் மணி அடித்தது.